ஸ்போர்ட்ஸ் கார் வாங்க மதுரைக்குக் கிளம்பும் முன்

வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனில் மொத்தம் பதினோரு வரி. எட்டாவது வரியில் ‘எசென்ஷியல் கிட்: 1,85,000’ என்று இருந்தது. துபாயில் இருக்கும் மச்சானுக்கு அதை அப்படியே அனுப்பிவிட்டேன். ராத்திரி ஃபோன் வந்தது. “என்ன மச்சான், கிட்டுக்குள்ள தங்கம் எதுவும் வச்சிருக்கானா?” மறுநாள் ஷோரூமைக் கூப்பிட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். கால்மிதி, மட்ஃப்ளாப், கதவோரம் ஒட்டும் ரப்பர், வாசனை புட்டி, கம்பெனி சின்னம் போட்ட குடை. குடைக்கு வரும்போது அந்தப் பையனுக்கே குரல் இறங்கிவிட்டது.

ஏழு மாசம் அலைந்து, கடைசியில் அந்தக் குடை இல்லாமலே வண்டியை ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். எந்த வண்டி, எந்த ஷோரூம் என்று சொல்லப் போவதில்லை. நாட்டுக்கே கொஞ்சம்தான் வந்த வண்டி, பெயரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்போது ஊரில் இன்னும் இரண்டு பேர் அதே ஆசையோடு வந்து கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே விடுகிறேன்.

விலை ஏன் ஏறுகிறது?

அமெரிக்காவில் கம்பெனி போடும் விலை வெறும் பரிந்துரைதான். கிராக்கி உள்ள வண்டி என்றால் கண்ணாடியில் இன்னொரு சீட்டை ஒட்டி, ‘மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்று ஆயிரக்கணக்கான டாலரை வெளிப்படையாகவே ஏற்றி விற்பார்கள். நம் நாட்டில் எக்ஸ்-ஷோரூம் விலையில், அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்வதற்கு முன் உள்ள விலையில், பெரும்பாலும் யாரும் கை வைப்பதில்லை. அது கம்பெனி இணையதளத்திலேயே கிடக்கிறது, மாற்றினால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் கூடுதலை அதற்குக் கீழே உள்ள வரிகளில் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள், இல்லாவிட்டால் “சீக்கிரம் வேணும்னா தனியா பேசிக்கலாம் சார்” என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

வண்டி குறைவு என்பது பொய் இல்லை. வெளிநாட்டிலிருந்து முழுசாக இறங்கும் கார்களை, 2018-ல் வந்த விதிப்படி, ஒரு கம்பெனி வருஷத்துக்கு 2,500 வரை இங்கே தனியாகச் சோதித்துச் சான்று வாங்காமல் கொண்டுவரலாம். அவ்வளவுகூட எல்லோரும் கொண்டுவருவதில்லை. ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் 53 லட்சம் விலையில் வந்தபோது முதல் தவணை 150 வண்டி, விலை சொல்வதற்கு முன்பே புக்கிங் முடிந்துவிட்டது. அதே வருஷம் அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 49.99 லட்சத்துக்கு வந்தது, மொத்தமே 100 வண்டி, அதுவும் அப்படியே தீர்ந்தது. நாட்டுக்கே நூறு என்றால் நம் மாவட்டத்துக்கு ஒன்று வந்தாலே அதிசயம்.

இது நமக்குப் புதுசும் இல்லை. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அப்போது நாட்டுப்படகில் வரும் நாலு சீலா மீனுக்கு ஏலத்தில் என்ன விலை ஏறும் என்று பாம்பன்காரர் யாரையாவது கேளுங்கள். கல்யாண வீடு வைத்திருப்பவன் என்ன விலையானாலும் எடுத்துப் போவான், மற்றவன் கருவாட்டுக் குழம்போடு ஜூன் பாதி வரை பொறுத்திருப்பான். உங்களுடையது கல்யாண வீடா இல்லையா என்று முதலில் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். “பெருநாளைக்கு வீட்டு வாசல்ல நிக்கணும்” என்று மச்சான் ஆரம்பத்தில் சொன்னார். அந்த வார்த்தையை நான் ஷோரூமில் உளறியதுதான் முதல் தப்பு.

வேன் பிடித்துப் போகாதீர்கள்

இந்த மாதிரி வண்டிக்கு நம் கரையில் ஷோரூம் கிடையாது. மதுரைக்குப் போக வேண்டும், அங்கேயும் அந்தக் கம்பெனி இல்லை என்றால் திருச்சி, கோவை, சென்னை, அல்லது எல்லை தாண்டித் திருவனந்தபுரம், கொச்சி. நாங்கள் என்ன செய்தோம் என்றால், குடும்பத்தோடு வேன் பிடித்து, பரமக்குடியில் இறங்கி டீ குடித்து, கல்யாணத்துக்குப் போவது மாதிரியே போனோம். “எங்கேருந்து சார் வர்றீங்க?” என்று விற்பனைப் பையன் கேட்டான். கீழக்கரை என்றேன். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது: இவர்கள் மூணு மணி நேரம் பயணம் பண்ணி வந்திருக்கிறார்கள், வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள், கூட வளைகுடாப் பணமும் இருக்கிறது. பிள்ளைகள் வண்டியைச் சுற்றி ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தன. எல்லோருக்கும் ஜூஸ் வந்தது. ஜூஸ் குடித்த வாயால் எப்படிப் பேரம் பேசுவது? முன்பணமாக ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு வந்தோம், ரசீதுகூட மறுநாள்தான் வந்தது.

ஆகவே முதல் மாசம் வீட்டிலேயே உட்காருங்கள். குறைந்தது நாலு ஊர் ஷோரூமுக்கு மெயில் போடுங்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: ராமநாதபுரம் முகவரிக்கு, டிஎன் 65 ரிஜிஸ்ட்ரேஷனோடு, எல்லாம் சேர்த்த ஆன்ரோடு விலை, வரி வரியாகப் பிரித்து, பிடிஎஃப்பாக. “ரவுண்டா 63 வரும் சார்” என்பதெல்லாம் கொட்டேஷன் இல்லை. “நேர்ல வாங்க சார், நல்லா பண்ணித் தர்றேன்” என்பான். மெயிலில் தராத நல்லதை நேரில் தர மாட்டான், ஃபோனை வைத்துவிடுங்கள். நாலு பிடிஎஃப் கையில் வந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்ஸ்-ஷோரூமும் சாலை வரியும் நாலிலும் ஒன்றாக இருக்கும். வித்தியாசம் வரும் இடத்தில்தான் டீலரின் கை இருக்கிறது.

வரி வரியாக

தமிழ்நாட்டில் சாலை வரி 5 லட்சம் வரை உள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஐம்பது லட்சம் வண்டிக்கு ஏறத்தாழ பத்து லட்சம் அதிலேயே போகும். பேரத்துக்கு இடமே இல்லை. “பாண்டிச்சேரியில போட்ருவோம் சார், பாதிதான்” என்று ஒருவன் எங்களிடம் சொன்னான். வண்டி நிற்கப் போவது கீழக்கரையில், பன்னிரண்டு மாசத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் நின்றால் அங்கே மறுபதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். போலி முகவரியில் வண்டி எடுத்துவிட்டு ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் வியர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கேரளாவில் வாங்கினால் தவறில்லை, தற்காலிக நம்பரில் கொண்டுவந்து ராமநாதபுரத்தில் வரி கட்டிப் பதியலாம். அதற்கு இரண்டு நாள் அலைச்சல் கூடுதல்.

அடுத்து டிசிஎஸ். பத்து லட்சத்துக்கு மேல் உள்ள வண்டிக்கு ஒரு சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். இது டீலரின் கொள்ளை என்று நினைத்து நான் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன், என் தப்பு. உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் எடுத்தால் அவர் இங்கே ரிட்டர்ன் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காசு அங்கேயே கிடக்கும். இன்னொன்று, 2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய கார்களுக்கு செஸ் என்ற கூடுதல் வரி எடுக்கப்பட்டு ஜிஎஸ்டி 40 சதவீதம் ஆகிவிட்டது. யாராவது பழைய விலைப்பட்டியலைக் காட்டி “எனக்கு இந்த விலைக்குக் கிடைச்சுச்சு” என்றால் தேதியைப் பாருங்கள்.

கொட்டேஷனின் இன்சூரன்ஸ் பகுதியில்தான் பெரிய மீன் இருக்கிறது. எங்களுக்கு ஷோரூம் கொடுத்த தொகை 2,46,000. அதே ஐடிவி (காப்பீட்டுக்காகப் போடும் வண்டி மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத காப்பு), அதே எஞ்சின் கவர் எல்லாம் சேர்த்து நான் வெளியே வாங்கிய விலை 1,63,000. புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூணு வருஷத்துக்கு எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஒரு வருஷத்துக்கு எடுத்தால் போதும், எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது உங்கள் விருப்பம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் டீலர்களுக்கென்றே 2017-ல் விதி போட்டிருக்கிறது, தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது. அவன் கட்டாயம் என்று சொல்ல மாட்டான், “வெளிய எடுத்தா கேஷ்லெஸ் வராது சார், டெலிவரியும் லேட்டாகும்” என்பான். அப்போது சொல்ல வேண்டிய வார்த்தை: “அதை மெயில்ல எழுதிக் கொடுங்க தம்பி.” இந்த ஒரு வாக்கியம் ஏழு மாசத்தில் எங்களுக்கு மிச்சப்படுத்திய பணத்தில் ஒரு நல்ல டூவீலர் வாங்கலாம். ஒருத்தனும் எழுதிக் கொடுக்கவில்லை. (கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேராகக் கட்டுவது, உண்மையிலேயே முக்கியம். அந்த ஒர்க்‌ஷாப் உங்கள் காப்பீட்டுக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா என்று கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.) வண்டி கிடைப்பதே அரிது என்பதால் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ சேர்த்துக்கொள்ளுங்கள், முழுசாகப் போனாலோ திருடு போனாலோ பில் தொகை கைக்கு வரும்.

கொட்டேஷனில் மிச்சம் இருப்பது சில்லறைக் கணக்குகள். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ், டிப்போ சார்ஜ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவரும் செலவை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்? நம்பர் பிளேட்டுக்குத் தனிக் காசு கேட்டால், 2019 ஏப்ரலுக்குப் பிறகு உயர்பாதுகாப்புப் பலகை வண்டியோடு கம்பெனி தர வேண்டியது என்று நினைவுபடுத்துங்கள். கிட் எடுத்தால்தான் வண்டி என்றால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே வருகிறது: ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கச் சொல்லி நிபந்தனை போடுவது ‘கட்டுப்படுத்தும் வணிக முறை’. நான் இந்த வார்த்தையை மெயிலில் போட்ட அன்று சாயங்காலமே 1,85,000 என்பது 40,000 ஆனது. அடுத்த வாரம் அதுவும் போனது.

முழுக்காசு கட்டுகிறவர்களுக்கு

எங்கள் பக்கத்தில் வட்டியே வேண்டாம் என்று முழுப்பணமும் கட்டி எடுப்பவர்கள் அதிகம். முழுக்காசு கொடுத்தால் தள்ளுபடி கிடைக்கும் என்று மளிகைக் கடைக் கணக்கில் நினைத்துக்கொண்டு போவோம். கார் ஷோரூமில் அது தலைகீழ். லோன் போட்டுக் கொடுத்தால் பேங்க்கிலிருந்து அவனுக்குக் கமிஷன், நீங்கள் லோன் வேண்டாம் என்றதும் அந்தக் கமிஷனைக் கிட்டிலும் இன்சூரன்ஸிலும் தேடுவான். அதனால் விலையெல்லாம் எழுத்தில் முடியும் வரை லோனா ரொக்கமா என்ற பேச்சையே எடுக்காதீர்கள். “பார்க்கலாம்” என்று மட்டும் சொல்லுங்கள்.

கையில் நோட்டாக யாராவது கேட்டால், பில்லுக்கு வெளியே கேட்கிறான் என்று அர்த்தம். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது, பணத்தைக் கையில் வாங்கியவனுக்குத்தான் அபராதம். ஆனாலும் கேட்பார்கள். ரசீது இல்லாத பணம் கடலில் போட்ட கல். எங்களிடம் மூணு லட்சம் கேட்டார்கள், “வரிசையில முன்னாடி கொண்டுவந்துடுறேன்” என்று. கொடுத்திருந்தால் பெருநாளைக்கு வந்திருக்குமோ என்னவோ.

புக்கிங்கும் காத்திருப்பும்

புக்கிங் தொகையை ஷோரூம் நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், விற்பனைப் பையனின் ஜிபேக்கு அல்ல. கம்பெனியிலிருந்தே புக்கிங் எண் வர வேண்டும். திரும்பக் கிடைக்குமா, எத்தனை நாளில், பிடித்தம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். டெலிவரி அன்றைய விலைதான் செல்லும் என்று எல்லோருமே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதற்குத் தயாராக இருங்கள். இரண்டு ஊரில் புக் பண்ணலாம், ஆனால் பணம் திரும்பும் என்று உறுதியான பிறகு. நிறத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். சிவப்புதான் வேண்டும் என்றவர் இன்னும் காத்திருக்கிறார், எங்களுக்கு வந்தது சாம்பல்.

இப்போது உண்மையான விஷயம். புக்கிங் முடிந்துவிட்டது என்றால் வண்டி முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. லோன் கிடைக்காமல் போகும், வீட்டில் சண்டை வரும், வேறு கார் பிடித்துவிடும், புக் பண்ணினவர்களில் சிலர் விலகுவார்கள். ஷோரூமில் நிற்கும் வண்டிக்கு டீலர் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் கம்பெனிக்குக் காசு கட்டியிருப்பான். ஒவ்வொரு நாளும் வட்டி ஓடும். மாசக் கடைசி, மார்ச் கடைசி, டிசம்பர் கடைசி வாரங்களில் ஃபோன் போடுங்கள். எல்லாவற்றையும் விட நல்ல மாசம் ஆடி. ஐம்பது லட்சம் கொடுத்து வாங்குகிறவரும் “ஆடி போகட்டும், ஆவணியில எடுத்துக்குறேன்” என்று தள்ளிப்போடுவார். எங்களுக்கு ஆடியும் ஒன்றுதான் ஆவணியும் ஒன்றுதான். ஆடி பிறந்த மூணாம் நாள், நான் அதுவரை பேசாத வேறு ஊர் ஷோரூமிலிருந்து அழைப்பு. ஒருவர் கேன்சல் பண்ணிவிட்டார், வண்டி யார்டில் நிற்கிறது, “இந்த மாசமே எடுத்துக்குவீங்களா சார்?” குடை இல்லாமல், ஹேண்ட்லிங் இல்லாமல், என் இன்சூரன்ஸோடு என்றால் எடுக்கிறேன் என்றேன். பத்து நிமிஷம் கழித்துச் சரி என்றான்.

பணம் கட்டுவதற்கு முன் வண்டியைப் பாருங்கள்

இப்போது வேன் பிடித்துப் போகலாம், ஆனால் பிள்ளைகள் இல்லாமல். ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்துவிட்டால் அது உங்கள் வண்டி, அதில் என்ன இருந்தாலும் உங்களுடையது. அதனால் பாக்கிப் பணத்துக்கும் பதிவுக்கும் முன்னால், பகல் வெளிச்சத்தில், யார்டிலேயே பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தது ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. மேலே ஒரு விரல் தூசி. முதலில் கழுவச் சொன்னேன், தூசிக்குக் கீழே கீறல் தெரியாது. சேஸிஸ் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா, ஓடோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர், விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருஷமும் என்ன என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரும் கிட்டத்தட்ட ஒரே தேதியாக இருக்க வேண்டும். கண்ணாடிகளில் உள்ள குறிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு என்றால் மாற்றியிருக்கிறார்கள். பிரேக் டிஸ்க்கில் லேசான துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் போய்விடும்.

பின் பம்பரின் இடது ஓரத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. குனிந்து சாய்வாகப் பார்த்தால் பெயின்ட் அங்கே மட்டும் ஆரஞ்சுத்தோல் மாதிரி. “கப்பல்ல வர்றப்ப லேசா பட்டிருக்கும் சார்.” ஆரஞ்சுத்தோலைப் படம் எடுத்து அங்கேயே நின்று மெயில் போட்டேன். பம்பரை மாற்றிக் கொடுத்தார்கள், மூணு வாரம் ஆனது.

டீலர் இதற்கெல்லாம் மசியாவிட்டால் கொட்டேஷனோடு கம்பெனித் தலைமைக்கு எழுதுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்கே போடுவதானாலும் ஷோரூம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம், 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் மாநில ஆணையம்.

பெயர் விஷயம் ஒன்று. வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் எடுத்தால் ஓடிபி எல்லாம் அவருடைய இந்திய எண்ணுக்குப் போகும், அந்த சிம் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் லாத்தா (அக்கா) பெயரில் எடுத்தோம். அவளுக்கு லைசென்ஸ் இல்லை, அதனால் இன்சூரன்ஸில் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்புக்கான காசை எடுத்துவிடச் சொன்னோம்.

உப்புக்காற்று

புக் பண்ணும் முன் செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்கிறேன், நானும் கடைசியில்தான் செய்தேன். டேப் எடுத்துத் தெருவை அளந்து பாருங்கள். இந்த வண்டிகள் தரையோடு ஒட்டிப் போகும், எங்கள் தெரு முனையில் இருக்கும் வேகத்தடை ஆளுயரத்துக்கு இல்லை என்பதுதான் ஒரே ஆறுதல். வண்டி இப்போது வாசலில் நிற்பதில்லை, சொந்தக்காரர் தோப்பில் ஷெட் போட்டு நிற்கிறது. பக்கத்தில் எந்த பங்க்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறது, நடுவழியில் நின்றால் எந்த ஊரிலிருந்து வண்டியை ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் லாரி வரும் என்றும் கேட்டு வையுங்கள்.

அடிப்பாகத் துருக்காப்புப் பூச்சு மட்டும்தான் ஷோரூம்காரன் விற்கும் பொருள்களில் நமக்கு உண்மையிலேயே தேவைப்படுவது. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவை ஆராய்வதற்கென்று மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு உப்புக் காற்று. ஆனால் கம்பெனி வாரன்ட்டிக்குப் பாதகமில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் அடிக்கச் சொல்லுங்கள். அடைத்துவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளேயே தங்கி, பூச்சு இல்லாததைவிட மோசமாகும்.

புது வண்டி வந்ததும் எல்லோரும் முதலில் போவது தனுஷ்கோடி அரிச்சல்முனைக்குத்தான், நாங்களும் போனோம். ரோட்டில் காற்று கொண்டுவந்து போடும் மணலில் வேகம் வேண்டாம், ரோட்டை விட்டு இறங்கவும் வேண்டாம். திரும்பி வந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவுவதும் ஒன்று, கழுவாமல் விடுவதும் ஒன்று. காவிரித் தண்ணீர் வரும் நாளில் வாப்பா இரண்டு குடம் வண்டிக்கென்று தனியாகப் பிடித்து வைக்கிறார். உம்மாவுக்கு இன்னும் தெரியாது.